கொடியில் காயும் விரிப்புகள்

அக்கா வீட்டுப் பின்வளவில் நைலோன் கயிற்றுக் கொடி நான்கு வரிசை கட்டியிருக்கிறாள். அவள் நடத்தும் கெஸ்ட் ஹவுஸுக்குச் சுற்றுலாச் சீசன் எப்படிப் போகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் கேட்பதில்லை. வேலியால் எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான்கு வரிசையிலும் வெள்ளை விரிப்பு காய்ந்தால் ஐந்து அறையிலும் ஆள் இருக்கிறது. இரண்டு வரிசை என்றால் சமாளிக்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை மட்டும் தொங்கினால் அன்றைக்குக் கடனைப் பற்றிப் பேசக்கூடாது.

எங்கள் ஊர் கல்குடா. மட்டக்களப்பிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர் அளவு தூரம். பக்கத்தில் பாசிக்குடா. கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவைத் தாண்டாத கடல். வெளியே கிடக்கும் பவளப்பாறை அலையை உடைத்துவிடுவதால்தான் உள்ளே தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கிறது. எண்பதுகளுக்கு முன்னர் இங்கே வெள்ளைக்காரர் வந்து தங்கிய ஹோட்டல்கள் இருந்தன. போரும் 2004 சுனாமியும் அவற்றைச் சுவராக்கிவிட்டன. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சுவர்களுக்குள் ஆடு கட்டுவார்கள். 2009-இல் போர் முடிந்தபின் கரையோரக் காணி ஹோட்டல் வலயமானது. 2011-இல் முதலாவது பெரிய ஹோட்டல் திறந்தது. மீனவர்கள் தங்கள் வாடிகளையும் வள்ளங்களையும் கரையின் ஒரு மூலைக்கு நகர்த்த வேண்டி வந்தது. என் அப்பாவும் நகர்த்தினார். மறுவருடம் நான் அதே கரையில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்து வருடம் அங்கே இருந்தேன்.

அந்த மேசையிலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். இலங்கையின் சுற்றுலாவுக்கு என்ன ஆபத்து என்று கொழும்பில் கூட்டம் வைத்துப் பேசும்போது குண்டு, கொள்ளைநோய், டொலர், புயல் என்று ஒரு வரிசை சொல்வார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் அடி விழுந்த பிறகு அது யாருடைய முதுகில் போய் இறங்குகிறது என்பதை நான் கிட்ட இருந்து கண்டிருக்கிறேன். அந்த முதுகுகளில் ஒன்று என் அக்காவுடையது. அவளைக் கடன் எடுக்கச் சொன்னவனும் நான்தான்.

முதலில் எங்கள் காலக்கணக்கைச் சொல்ல வேண்டும். தெற்கிலும் மேற்கிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். கிழக்கில் நேர்மாறு. வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்து மே மாதத்தில் தொடங்கினால் செப்டெம்பரோடு முடிந்தது. அந்த ஐந்து மாத உழைப்பில்தான் மிச்சம் ஏழு மாதமும் அடுப்பெரிய வேண்டும். இப்போது நாட்டின் கெட்ட காலங்களை இந்தக் கணக்கின் மேல் வைத்துப் பாருங்கள். 1983 கலவரம் ஜூலையில். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் 2019 ஏப்ரல் 21. கொரோனாவுக்காக விமான நிலையத்தை மூடியது 2020 மார்ச்சில். பெற்றோல் கியூவும் அரகலய என்ற மக்கள் போராட்டமும் 2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை. ஒவ்வொரு முறையும் கிழக்கின் சீசன் வாசலில் நின்றபோது, அல்லது நடுவில் இருந்தபோது. தெற்குக் கரைக்குச் சில வேளைகளிலாவது ஆறு மாத அவகாசம் கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

2018 எங்களுக்கு மட்டுமல்ல, நாட்டுக்கே பொற்காலம். போர் முடிந்த 2009-இல் இலங்கைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 4 இலட்சத்து 48 ஆயிரம் பேர். 2018-இல் 23 இலட்சத்து 33 ஆயிரம். வருமானம் 438 கோடி டொலர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்துக்கும் ஆடை ஏற்றுமதிக்கும் அடுத்த இடம் சுற்றுலாவுக்கு. அந்த ஒக்டோபரில் லோன்லி பிளானற் நிறுவனம் 2019-இல் போகவேண்டிய நாடுகளில் முதலாவது இலங்கை என்று அறிவித்தது. எங்கள் ஹோட்டலில் அதை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டினோம். நான் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

அப்போது அவளிடம் மூன்று அறை. அத்தானின் நகைக்கடைச் சம்பளமும் அவளுடைய தாலிக்கொடி அடகும் சேர்ந்து 2013-இல் கட்டியவை. “இன்னும் ரெண்டு அறை போடு அக்கா, அடுத்த சீசனுக்கு ஆள் நிக்க இடம் இருக்காது” என்றேன். அவள் இரண்டு வாரம் யோசித்தாள். 2019 ஜனவரியில் கடன் எடுத்து அத்திவாரம் வெட்டினாள். தம்பி அதே மாதம் லீசிங்கில் ஓட்டோ எடுத்தான். ஏப்ரல் நடுவில் புதுவருடத்துக்கு இரண்டு அறைக்கும் வெள்ளையடித்து முடித்தோம். சீமெந்து வாசம் போகவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று காலை நான் மேசையில் இருந்தேன். விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த குடும்பங்களால் ஹோட்டல் நிறைந்திருந்தது. ஒன்பது மணியைக் கடந்த நேரம், சமையற்கட்டில் வேலை செய்த பெடியன் ஒருவன் ஓடிவந்து மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் ஏதோ வெடித்துவிட்டது என்றான். ஜெனரேற்றர் என்று முதலில் சொன்னார்கள். பிறகு கொச்சிக்கடை, நீர்கொழும்பு தேவாலயங்கள், கொழும்பின் மூன்று ஹோட்டல்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. 260 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சீயோனில் ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் செத்தார்கள். எங்களோடு வேலை செய்த பெண்ணொருத்தியின் உறவுக்காரப் பிள்ளையும் அதில் ஒன்று. அந்த நாளைப் பற்றி எழுதும்போது வியாபாரக் கணக்கை எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஆனாலும் அன்று பின்னேரமே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எடுத்துப் பேச வேண்டியவன் நான்.

அழைத்தவர்கள் யாரும் கோபமாகப் பேசவில்லை. பெரும்பாலானோர் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு ஜெர்மன் மூதாட்டி அழுதார். நான்கு நாளில் பிரிட்டன் தன் மக்களிடம் அவசியமில்லாமல் இலங்கைக்குப் போகவேண்டாம் என்று எச்சரித்தது. இந்த எச்சரிக்கையின் பலம் பலருக்குத் தெரியாது. அரசாங்கம் அப்படிச் சொல்லிவிட்டால் சாதாரணப் பயணக் காப்புறுதி செல்லாது. காப்புறுதி இல்லாமல் பயண முகவர் ஆளை ஏற்ற மாட்டார். பயப்படாதவரும் வர முடியாது. ஜூன் 6-ஆம் திகதி எச்சரிக்கையைத் தளர்த்தினார்கள். ஆனால் கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று ஐரோப்பியக் குடும்பங்கள் அதற்குள் முடிவெடுத்துவிட்டன. மே மாதத்தில் நாடு முழுவதற்கும் வந்தவர்கள் 37,802 பேர். முந்தைய மே மாதத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 29 ஆயிரம்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. ஓட்டமாவடியிலிருந்து எங்கள் கெஸ்ட் ஹவுஸ்களுக்குக் கோழியும் மரக்கறியும் கொண்டுவரும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார், நாங்கள் காக்கா என்போம். ஆறு வருடமாகக் கடனுக்குத் தந்தவர். தாக்குதலுக்குப் பிறகு அவரிடம் வாங்கக்கூடாது என்று ஊரில் சிலர் பேசினார்கள். அவரும் பயத்தில் ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. திரும்பி வந்த அன்று அக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, “இந்த முறை நான் உங்களுக்குக் கடன் தரோணும் போல இருக்கு காக்கா” என்றாள். அந்தச் சீசனில் அவள் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

இனிக் கடன். அரசாங்கம் சுற்றுலாத் தொழிலுக்குக் கடன் தவணையைத் தள்ளிப்போட்டது. நல்ல முடிவு. நான் வேலை செய்த ஹோட்டல் அதனால்தான் கதவைப் பூட்டாமல் தப்பியது. அக்கா வங்கிக்குப் போனாள். சுற்றுலா அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பதிவெடுக்கக் காணி உறுதி வேண்டும். எங்கள் பகுதியில் பாதிக் காணி பெர்மிட் காணி, உறுதி இல்லாமல் அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் இருப்பது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களிடம் இருக்கும் கடதாசி, சுனாமித் தண்ணீரில் ஊறாமல் தப்பியிருந்தால், ஒரு மங்கிய பெர்மிட்டாக இருக்கும். அதைப் புதுப்பிக்க அவள் நான்கு வருடமாகப் பிரதேச செயலகத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். வரி கட்டும்போது, மின்சாரக் கட்டணத்துக்கு வர்த்தக விகிதம் போடும்போது அவள் தொழிலாளி. சலுகை என்று வரும்போது அவள் வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை. தவணை கட்ட நுண்கடன் எடுத்தாள். கிழமைக்கொருமுறை வாசலில் வந்து நிற்கும் கடன் அது. மட்டக்களப்பில் அதைப் பற்றி யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தம்பியின் ஓட்டோவை லீசிங்காரர் ஒக்டோபரில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

நாட்டின் கணக்கில் 2019 அவ்வளவு மோசமில்லை. 19 இலட்சம் பேர் வந்தார்கள், 360 கோடி டொலர் கிடைத்தது. ‘மீண்டுவிட்டோம்’ என்று டிசம்பரில் விளம்பரம் போட்டார்கள். உண்மைதான், தெற்கே காலியிலும் மலைநாட்டில் எல்லவிலும் அறை நிறைந்தது. எங்கள் கரையில் அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், விரித்து எழுதவில்லை. 2020-இல் ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஒரு சுற்றுலாப் பயணிகூட வரவில்லை. 2021-இல் முழு வருடத்துக்கும் 1 இலட்சத்து 94 ஆயிரம் பேர். நோயின் பிடி தளர்ந்து 2022 ஜனவரியில் ஆள் வரத் தொடங்கியபோது முதலிடத்தில் ரஷ்யர்களும் மூன்றாமிடத்தில் உக்ரைனியர்களும் இருந்தார்கள். பெப்ரவரியில் அந்த இரண்டு நாட்டுக்கும் போர். எங்கோ நடக்கிற போர் எங்கள் ஹோட்டலின் சாப்பாட்டு மேசைகளைக் காலியாக்கும் என்று நான் நினைத்ததில்லை. சில நாட்கள் இரு நாட்டவரும் ஒரே மண்டபத்தில் இரண்டு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வங்கி அட்டை வேலைசெய்யாமல் ஒரு ரஷ்யத் தம்பதி என் முன்னால் நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஊருக்குப் போவதா, போனால் என்ன, என்ற கேள்வியோடு நின்ற உக்ரைன் பெண்ணையும் மறக்கவில்லை. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்கு ஏறியது. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஆறு மணிநேர ஓட்டம். போய்வர எண்ணெய் இல்லாத நாட்டில் கிழக்குக்கு யார் வருவார்கள்? அந்த வருடம் என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதையெல்லாம் விதி என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 2019 தாக்குதலுக்குப் பல நாள் முன்னரே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் விட்டதற்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் தனித்தனியே தொகை விதித்தது. அந்தத் தீர்ப்பை வாசித்த அன்று நான் சீயோனில் இறந்த பிள்ளைகளைத்தான் நினைத்தேன். இரவு படுத்தபோது தம்பியின் ஓட்டோவும் நினைவுக்கு வந்தது.

2024 ஒக்டோபரில் கிழக்குக் கரையின் இன்னொரு சுற்றுலா ஊரான அறுகம்பேயில் வேறு விதமாக நடந்தது. அங்கே இஸ்ரேலியப் பயணிகள் நிறைய. தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் தன் ஆட்களை எச்சரித்தது, இஸ்ரேல் தன் மக்களை வெளியேறச் சொன்னது. பொலிஸ் குவிந்தது, சந்தேகத்தில் சிலரைப் பிடித்தார்கள், அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்துப் பொத்துவிலில் சேர்ஃப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு நண்பன் அன்றிரவு என்னிடம் பேசினான். சீசன் முடியும் நேரம் என்பதால் அடி பெரிதில்லை என்றான். பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒரே நாட்டுக்காரரை நம்பிக் கடைபோட்டது எங்கட பிழைதான் மச்சான்” என்றான். ரஷ்யர்களை நம்பியிருந்த எங்கள் ஹோட்டல் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு முன் சீனர், அதற்கும் முன் ஜெர்மன்காரர். கிழக்கின் ஓகஸ்டில் அறையை நிரப்பக்கூடியவர்கள் கண்டிக்காரரும் குருநாகல்காரரும் யாழ்ப்பாணத்தவரும். அவர்களுக்கு விமானம் தேவையில்லை, எந்த நாட்டின் எச்சரிக்கையும் அவர்களைத் தடுக்காது. அவர்கள் வந்தால் அறை அழுக்காகும், சமைத்துச் சாப்பிடுவார்கள் என்று முகம் சுளித்த காலம் எங்கள் ஹோட்டலில் இருந்தது. அக்கா வீட்டில் அந்தச் சுளிப்பு இல்லை. 2021-இல் அவளிடம் தங்கியவர்கள் முழுப்பேரும் உள்ளூர்க் குடும்பங்கள்.

2025-இல் வருகை 23 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தொட்டு 2018-ஐத் தாண்டிவிட்டது. எண்ணிக்கையைப் பத்திரிகையில் பெரிதாகப் போட்டார்கள். எனக்கு அந்தத் தலைக்கணக்கில் நம்பிக்கை குறைந்துவிட்டது. 2024-இல் 20 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வந்து தந்தது 317 கோடி டொலர். 2018-இன் 438 கோடியோடு ஒப்பிட்டால், ஆள் எட்டுக்கு ஏழாகிவிட்டது, காசு நாலுக்கு மூன்றைக்கூடத் தொடவில்லை. ஆளை எண்ணுவது சுலபம், அதனால் எண்ணுகிறார்கள். எந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பம் நுண்கடன் இல்லாமல் சீசனை முடித்தது என்று யாரும் எண்ணவில்லை.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. சுற்றுலா நிறுவனங்களின் விற்றுவரவில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரியாக அறவிடச் சட்டம் இருக்கிறது. நல்ல வருடத்தில் அது நல்ல தொகை. அதில் ஒரு பங்கைப் பூட்டி வைத்து, சீசன் அழிந்த மாவட்டத்தில் தொழிலாளியின் கையில் நேரே கொடுக்க வேண்டும். பதிவு இல்லை, உறுதி இல்லை என்று திருப்பி அனுப்பாமல் கிராம சேவகரின் கடிதத்தில் கொடுக்க வேண்டும். விரிப்பு கழுவுகிற பெண், படகோட்டி, கரையில் தேங்காய்ப்பூ ரொட்டியும் சொதியும் விற்கிற அம்மா எல்லாரும் அதில் அடங்க வேண்டும். ஏமாற்றுவார்கள் என்பார்கள். சிலர் ஏமாற்றுவார்கள்தான். நான் பதினான்கு வருடமாகக் கணக்கெழுதுகிறவன், பெரியவர்கள் தள்ளிப்போட்ட கடனோடு பார்த்தால் அது எவ்வளவு சிறிய தொகை என்று எனக்குத் தெரியும்.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்காமல் எங்கள் ஒழுங்கையில் 2023-இல் ஆறு வீடுகள் சேர்ந்து ஒரு சீட்டு மாதிரித் தொடங்கினோம். யோசனை என்னுடையது, அதற்கு உருவம் கொடுத்தவள் அக்கா. ஓர் அறையில் ஓர் இரவு ஆள் தங்கினால் 300 ரூபாய் பிஸ்கட் டின்னுக்குள் போக வேண்டும். சீசனுக்குள் மூன்று கிழமை தொடர்ந்து கொடி வெறுமையாகக் கிடந்தால்தான் டின்னைத் திறக்கலாம். காக்காவும் தானாக வந்து சேர்ந்துகொண்டார். அவருக்கு அறை இல்லை, கிழமைக்கு 500 போடுகிறார்.

2025 நவம்பர் 28-இல் டித்வா புயல் வந்தபோது அந்த டின்னில்தான் முதல் சண்டை வந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்த புயல் அது. மலைநாட்டில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன, வெளிநாட்டவர் ஆசையாக ஏறும் மலையகப் புகைவண்டிப் பாதை பல இடத்தில் அறுந்துபோனது. எங்கள் ஒழுங்கையில் உயிர்ச்சேதம் இல்லை, ஒரு வீட்டின் கூரைத்தகடு முழுவதும் பறந்துவிட்டது. எங்கள் சீட்டின் சட்டப்படி அது சீசன் இல்லை, டின்னைத் திறக்க முடியாது. திறக்கக்கூடாது என்று நான் சொன்னேன். இப்படியே ஒவ்வொன்றுக்கும் திறந்தால் மே மாதத்தில் ஏதாவது நடக்கும்போது அடியில் ஒன்றும் இருக்காது என்று என் பயம். அத்தான் திறக்கலாம் என்றார். விறாந்தையில் பத்து மணிவரை வாக்குவாதம். கூரை இல்லாத வீட்டுக்காரி ஒரு மூலையில் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

அக்கா கடைசியில் அவளுக்குக் கடனாகக் கொடுப்பது என்று தீர்த்தாள். வட்டி இல்லை, சீசன் தொடங்கினால் இரவுக்கு 600 போட வேண்டும். அதைக் கொப்பியின் மட்டைக்கு உள்பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதி எல்லாரிடமும் கையொப்பம் வாங்கினாள். எனக்கு இன்னும் அது சரியென்று முழுதாகத் தோன்றவில்லை. கையொப்பம் போட்டேன்.

வருகிற மே மாதத்துக்கு இதுவரை அவளுக்கு நான்கு பதிவு. இரண்டு கண்டிக் குடும்பம், ஒரு ஜெர்மன் தம்பதி, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாடசாலை ஆசிரியர் குழு. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்த வருடம் நல்லாய்த்தான் வரும்போல இருக்கிறது, ஆறாவது அறைக்குக் கல் இறக்கலாமா என்று அத்தான் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து டின்னை மடியில் வைத்து எண்ணத் தொடங்கினாள்.